ஆம்புலன்ஸா, ஐஸ் தொட்டியா? போட்டிக் களத்தில் முதலில் எது வேண்டும்

மாரத்தான் ஏற்பாட்டுக் கூட்டங்களில் மருத்துவம் பற்றி முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை ஆம்புலன்ஸ் நிற்கும்?" என்பதுதான். பல இடங்களில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தும் போகிறது. ஓட்டத்தில் விழுந்தவரின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்டி கிளம்புவதற்கு முந்தைய சில நிமிடங்கள். அதனால் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழிகள் இரண்டு. விழுந்தவரை உடனே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது ஒன்று. களத்திலேயே கூடாரம் போட்டு, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கி, தேவைப்பட்டால் பிறகு அனுப்புவது இன்னொன்று. இரண்டுக்கும் ஆளும் பணமும் இடமும் வேறு வேறு.

நீண்ட ஓட்டத்தில் நான் மிகவும் அஞ்சுவது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஆள் உளறுவார், தள்ளாடுவார், சிலர் கையை உதறிச் சண்டைக்கே வருவார்கள். அந்தச் சூடு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடத் தொடங்கும். வண்டியில் ஏற்றி, நெரிசலில் ஊர்ந்து, அவசரப் பிரிவில் இறக்கி, மருத்துவர் வந்து பார்ப்பதற்குள் அந்த அரை மணி கரைந்துவிடும்.

கூடாரத்தில் ஒரு தொட்டி நிறைய ஐஸ் தண்ணீர் இருந்தால் கதை மாறும். கழுத்துவரை முக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி வீதம் சூடு இறங்கும். அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் பொட்டலம் வைப்பது இதற்கு ஈடே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் ஆகஸ்ட் தோறும் 7 மைல் ஓட்டம் நடக்கிறது. ஈரமும் வெயிலும் சேர்ந்த நாள்களில் அங்கே ஹீட் ஸ்ட்ரோக் சாதாரணம். 18 பந்தயங்களின் பதிவேட்டை ஆராய்ந்தபோது 274 பேருக்கு அது வந்திருந்தது தெரிந்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலானோர் கூடாரத்திலிருந்து நேராக வீட்டுக்கே போனார்கள். முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதுதான் அவர்கள் விதி.

தொட்டியில் இறக்கும் வேலையும் பெரிய வித்தை இல்லை. போர்வையை முறுக்கி அக்குள் வழியாகக் கொடுத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் தலை மூழ்காது. இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடாகிவிடும். 39 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். தொட்டி வாங்க வசதியில்லாத ஊரில் தார்ப்பாய் போதும். நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸ் தண்ணீரை ஊற்றி ஆட்டலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை நம்ப முடியாது. வியர்வையில் தோல் குளிர்ந்து, உள்ளே 41 இருக்கும்போது 38 என்று காட்டக்கூடும். ஆசனவாய் வழியாகப் பார்ப்பதே சரி. நம் ஊரில் கூச்சம் இதற்குத் தடையாக நிற்கிறது. மறைப்புத் துணியும் ஒரு பெண் செவிலியரும் இருந்தால் அந்தத் தடை நீங்கும்.

திடீரென இதயமே நின்றுவிட்டால் அவகாசம் இன்னும் குறைவு. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. ஓட்டக்காரர்கள் நிறைந்த சாலையில் ஆம்புலன்ஸ் நுழைவதற்குள் முதுகுப்பையில், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியோடு சைக்கிளில் வரும் தன்னார்வலர் வந்து சேர்ந்திருப்பார். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது, நெஞ்சை அழுத்தியதும் மின்னதிர்ச்சி கொடுத்ததும் புல்தரையிலேயே நடந்தன. நினைவு திரும்பிய பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கூடாரத்துக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவர்க்கெல்லாம் டிரிப்ஸ் ஏற்றுவது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். அவர்களுக்குச் சாதாரண சலைன் ஏற்றினால் மூளை வீக்கம் கூடலாம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கிறங்கி விழுகிறவர்களில் பலருக்கு, காலை உயர்த்திப் படுக்கவைப்பதே போதும்.

இவ்வளவும் ஓட்டத்துக்கு. இதே பட்டியலை அலங்காநல்லூர் வாடிவாசலுக்குக் கொண்டுபோனால் ஆபத்து. அங்கே கொம்புக் குத்து. வெளியே சின்னத் துளை தெரியும், உள்ளே குடலோ ஈரலோ கிழிந்திருக்கும். தொடையில் பட்டால் பெரிய ரத்தக்குழாயே அறுந்து சில நிமிடத்தில் ஆள் வெளுத்துப்போவார். இதைச் சரிசெய்ய அறுவை அரங்கும் ரத்தமும் வேண்டும், அதைக் கூடாரம் தராது. களத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்: காயத்தில் துணியைத் திணித்து அழுத்துவது, தொடை என்றால் காயத்துக்கு மேலே டூர்னிகே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டுவது, குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் ஈரமான சுத்தத் துணியால் மூடுவது, குடிக்க எதுவும் கொடுக்காமல் இருப்பது. பிறகு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வண்டி பறக்க வேண்டும். இங்கே ஆம்புலன்ஸ் எண்ணிக்கையும், வண்டி முகம் வெளிவாசலைப் பார்த்து நிற்பதும், பார்வையாளர் வாகனம் அடைக்காத ஒரு தனி வழியுமே உயிர்.

கையில் பணம் குறைவாக உள்ள சிறு ஊர் ஓட்டக் குழு என்னிடம் கேட்டால், மூன்றாவது ஆம்புலன்ஸை விட்டுவிடச் சொல்வேன். அந்தப் பணத்தில் இரண்டு ஏ.இ.டி.யை வாடகைக்கு எடுக்கட்டும். ஒரு தொட்டியும் விடிகாலையில் வந்து இறங்கும் ஐஸ் கட்டிகளும் கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மிச்சமிருக்கும் முதல் இரண்டு வண்டிகளும் எந்தத் திருப்பத்தில் நிற்கும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பதை முந்தின நாளே அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவோடு பேசி முடிக்கட்டும்.