விளிம்பு நிலை பார்க்க எந்தப் படிகம்: டங்ஸ்டனா, சிர்க்கோனியமா?

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்களில், அதாவது உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல் ஓரத்தில் மட்டும் கடத்தும் பொருள்களில், அடுக்குப் படிகம் எடுத்து விளிம்பு நிலையை (ஓரத்தில் மட்டும் எலெக்ட்ரானுக்குக் கிடைக்கும் நிலையை) அளக்கலாம் என்று இறங்கினால், எங்களைப் போன்ற சின்ன ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகக்கூடியவை இரண்டு: டங்ஸ்டன் டைடெல்லூரைடு, சிர்க்கோனியம் பென்டாடெல்லூரைடு. மதுரை நாகமலைப் பக்கம் இருக்கும் நாங்கள் சிர்க்கோனியத்துக்குப் போனோம். இயற்பியல் இரண்டிலும் ஒன்றுதான். ஒற்றை அடுக்கின் உட்புறம் கடத்தாது, ஓரம் கடத்தும். இரண்டுக்கும் கணிப்பு வந்ததும் 2014இல்தான்.

பேர் வாங்கியது டங்ஸ்டன். 2018இல் எம்.ஐ.டி. குழு அதன் ஒற்றை அடுக்கில் விளிம்புக் கடத்தலை 100 கெல்வின் வரை காட்டிவிட்டது. ஆனால் அந்த ஒற்றை அடுக்கு காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமாகிக் கெட்டுப்போகும். க்ளோவ் பாக்ஸுக்குள் (ஆர்கான் நிரப்பி, கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள்) உரித்து, மேலும் கீழும் போரான் நைட்ரைடு வைத்து மூடியாக வேண்டும். க்ளோவ் பாக்ஸ் என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஆர்கான் சிலிண்டர் தீரத் தீர மாற்ற வேண்டும், கையுறையில் ஊசித்துளை விழுந்தால் தேடி அடைக்க வேண்டும், உள்ளே கசியும் ஆக்சிஜனைப் பிடிக்கும் வினையூக்கியை அவ்வப்போது ஹைட்ரஜன் கலந்த வாயு விட்டு மீட்டெடுக்க வேண்டும். ஐப்பசி மழை, மாதாந்திர மின்வெட்டு என்று எது வந்தாலும் உள்ளே ஈரப்பதம் ஏறிவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். அதற்கு எங்களிடம் ஆள் இல்லை.

சிர்க்கோனியத்தில் இந்தப் பாடு இல்லை. குவார்ட்ஸ் குழாயில் சிர்க்கோனியமும் டெல்லூரியமும் கொஞ்சம் அயோடினும் போட்டு, காற்றை எடுத்து மூடி, இரண்டு முனையிலும் வெவ்வேறு வெப்பநிலை வைக்கக்கூடிய உலையில் வைத்தால் கறுத்த, பளபளப்பான நாடா நாடாவாகப் படிகம் வளரும். அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவு என்பதால் மேலடுக்கே ஒற்றை அடுக்கு போல நடந்துகொள்ளும், தனியாக உரிக்கத் தேவையில்லை. எஸ்.டி.எம். (கூர் ஊசியைப் பரப்புக்கு மிக அருகே நகர்த்தி அணு அளவில் பார்க்கும் நுண்ணோக்கி) வெற்றிட அறைக்குள்ளேயே படிகத்தைப் பிளந்தால் போதும், காற்றுப் படாத புதுப் பரப்பு கிடைத்துவிடும். அதில் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் உயரத்தில் ஒரு படி தெரியும். அதுதான் ஓர் அடுக்கின் ஓரம். ஊசியைப் படியிலிருந்து தள்ளி வைத்து அளந்தால் நிறமாலையில் (எந்த ஆற்றலில் எத்தனை எலெக்ட்ரான் நிலைகள் என்ற வரைபடத்தில்) நிலைகளே இல்லாத ஆற்றல் இடைவெளி இருக்கும், படியோரத்துக்குக் கொண்டுவந்தால் அந்த இடைவெளிக்குள் நிலைகள் முளைத்திருக்கும். 2016இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின.

அப்புறம் குளிர். சிர்க்கோனியத்தின் இடைவெளி சுமார் 80 முதல் 100 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில், வெப்பத்தால் மட்டுமே நிறமாலை 90 அளவுக்கு மங்கும், அளந்து பயனில்லை. 77 கெல்வினில் அந்த மங்கல் 23 ஆகக் குறைகிறது. அதாவது ஹீலியம் வேண்டாம், திரவ நைட்ரஜனே போதும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகளைப் போட்டு வைத்திருப்பார்களே, அதே நைட்ரஜன்தான். மதுரையில் அது கிடைப்பது கஷ்டமில்லை. டங்ஸ்டனின் இடைவெளி ஏறக்குறைய 50தான். 77 கெல்வினில் பார்க்கலாம், ஆனால் இழுபறி.

சரி, சிர்க்கோனியத்திடம் குறை இல்லையா? இருக்கிறது. எஸ்.டி.எம். ஓரத்தில் நிலை இருப்பதைக் காட்டும். எதிரெதிர் ஸ்பின் (எலெக்ட்ரானின் உள்ளார்ந்த காந்தப் பண்பு) கொண்ட எலெக்ட்ரான்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைக் காட்டாது. அதற்கு மின்முனை வைத்துக் கடத்தலை அளக்க வேண்டும், அங்கே டங்ஸ்டன்தான் கெட்டி. அந்த வேலையில் எங்களுக்கு அனுபவம் இல்லாததால் அதிகம் பேசமாட்டேன். இன்னொன்று, அயோடின் முறையில் வளர்த்தால் டெல்லூரியம் சற்றுக் குறைந்துபோகும். மின்தடை உச்சம் தொடுகிற வெப்பநிலையும் அதற்கேற்ப நகரும். ஒவ்வொரு உலைப் படிகத்துக்கும் மின்தடையை வெப்பநிலையோடு அளந்து பார்த்த பிறகே எஸ்.டி.எம்.முக்கு அனுப்புங்கள்.

இன்னொரு அடுக்குப் படிகமான பிஸ்மத் புரோமைடு (Bi₄Br₄) ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இடைவெளி 200க்கு மேல், 2022இல் அறை வெப்பத்திலேயே அதன் ஓர நிலையைப் பார்த்துவிட்டார்கள், நைட்ரஜன்கூட வேண்டாம். நாங்கள் வளர்த்துப் பார்த்ததில்லை. ஆனால் அதற்கான மூலப்பொருளான பிஸ்மத் டிரைபுரோமைடு ஈரத்தை உறிஞ்சும். எடை போடுவதற்காவது க்ளோவ் பாக்ஸ் வேண்டியிருக்கும்.