637 டாலர் என்றார்கள், 202-ல் முடிந்தது: சியன்னாவுக்கு டயர் சென்சார் மாற்றிய கதை

எங்கள் வண்டி 2013 டொயோட்டா சியன்னா. ஒரு லட்சத்து முப்பதாயிரம் மைல் ஓடிவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விடக் கிளம்பியபோது, டயருக்குள் ஆச்சரியக்குறி போட்டது போல் இருக்குமே, அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒஹாயோவில் எங்கள் கொலம்பஸ் குளிருக்கு இது புதிதில்லை. வெளியே பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். பெட்ரோல் பங்க்கில் காற்றடித்தால் சரியாகிவிடும். அடித்தேன். விளக்கு அணையவில்லை.

மறுநாள்தான் கவனித்தேன். வண்டியை எடுத்ததும் ஒரு நிமிஷத்துக்குமேல் சிமிட்டுகிறது, அதற்கப்புறம்தான் நிலையாக எரிகிறது. இந்தச் சிமிட்டலில்தான் விஷயமே இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால் காற்று குறைவு. சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், டயருக்குள் இருந்து காற்றளவைக் காருக்குச் சொல்லும் சென்சார் ஒன்று பேசுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். சென்சாருக்குள் சின்ன லித்தியம் பேட்டரியை வைத்து மூடிவிடுகிறார்கள், அதை மட்டும் மாற்ற வழியில்லை. ஏழெட்டு வருஷம், மிஞ்சினால் பத்து வருஷம். என்னுடையது அதையும் தாண்டி ஓடியிருந்தது.

டீலரிடம் கேட்டேன். எந்த டீலர் என்பது வேண்டாம், வேறு டீலர் கேட்டாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன். சென்சார் ஒன்று 92 டாலர் வீதம் நாலு, 368. டயரைக் கழற்றி மாட்டி பேலன்ஸ் பண்ண 140. "புரோகிராமிங்" என்று தனியாக ஒரு வரி, 129. மொத்தம் 637, வரி தனி. நாமக்கல்லில் இருக்கும் மாமாவிடம் போனில் சொன்னேன். முப்பது வருஷம் லாரி வைத்திருந்தவர்.

"காத்து இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கா மாப்ள? கிளீனர் பையன் கட்டையால ஒரு தட்டு தட்டினா சத்தத்துலயே சொல்லிடுவானே."

கிளீனர் இல்லாத ஊரில் சட்டம் போட்டு அந்த வேலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள். ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெடித்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்ட விவகாரத்துக்குப் பிறகு 2000-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்கள் எல்லாவற்றிலும், டயரில் குறிப்பிட்ட அளவைவிட 25 சதவீதம் காற்று குறைந்தால் எச்சரிக்க வேண்டும். மாமாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "அந்தக் காசுக்கு இங்க ரெண்டு லாரி டயரே வாங்கிடலாம்டா" என்று வைத்துவிட்டார்.

637 டாலரில் எனக்கு உறுத்தியது அந்த 129-தான். சென்சாருக்குக் காசு, சரி. டயரைக் கழற்றாமல் சென்சாரைத் தொட முடியாது, அதற்கும் சரி. புரோகிராமிங் என்றால் என்ன? ஒவ்வொரு சென்சாருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாள எண் உண்டு. காரின் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் இருக்கும் நாலு எண்ணை மட்டும்தான் காது கொடுத்துக் கேட்கும். புதுச் சென்சார் போட்டால் ஒன்று, பட்டியலை மாற்ற வேண்டும். அல்லது புதுச் சென்சாருக்குப் பழையதன் எண்ணையே வைத்துவிட வேண்டும். இரண்டாவது வழியில் காரைத் தொடவே வேண்டியதில்லை, அதற்கு மாற்றியதே தெரியாது.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு தப்பு பண்ணிவிட்டேன். முதல் தப்பு, காரில் இருக்கும் ரீசெட் பட்டனை விளக்கு மூன்று தடவை மெதுவாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டொயோட்டாவில் அந்தப் பட்டன் "இப்போது இருக்கும் காற்றுதான் சரியான அளவு" என்று சொல்வதற்கு. புதுச் சென்சாரை அறிமுகப்படுத்துவதற்கு அல்ல. இரண்டாவது, இணையத்தில் நாலு சென்சார் நாற்பது டாலர் என்று பெயர் தெரியாத ஒன்றை வாங்கியது. "புரோகிராம் செய்து வரும், மாட்டினால் போதும்" என்று போட்டிருந்தது. யாருடைய எண்ணை வைத்துப் புரோகிராம் செய்தார்கள்? என் காரில் இருக்கும் சென்சார் எண்களை அவர்களுக்கு யார் சொன்னது? இதைக் காசு கட்டுவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். நல்லவேளை, மாட்டுவதற்குள் புத்தி வந்து திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வாங்கியது ஆட்டெல் எம்எக்ஸ் சென்சார், ரப்பர் வால்வு வைத்தது, நாலும் சேர்த்து 112 டாலர். ஷ்ரேடர் ஈஸி சென்சாரும் இதே ஜாதிதான். உள்ளே எந்த எண்ணும் எழுதாமல் காலியாக வரும், எந்தக் காருக்கு வேண்டுமோ அதை நாம் எழுதிக்கொள்ளலாம். எழுத ஒரு கருவி வேண்டும். அதே நிறுவனத்தின் டிஎஸ்508, 210 டாலர். தனியாக வாங்கினால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் தெருவில் மூன்று தமிழ் வீடு, மூன்றிலும் பத்து வயசு வண்டி. ஆளுக்கு 70 போட்டோம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வேலை தொடங்கியது. கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கச் செருகும் ஓபிடி துளையில் செருகி, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டதும், காரின் கம்ப்யூட்டரில் இருந்த நாலு எண்ணும் திரையில் வந்து நின்றன. செத்துப்போன சென்சாரின் எண்ணும் அதில் இருந்தது. இதைத்தான் நான் பெரிய விஷயம் என்பேன். பேட்டரி தீர்ந்த சென்சாரை வெளியிலிருந்து கம்பியில்லாமல் கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் காருக்கு அதன் எண் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் நாலு சென்சாரையும் வரிசையாக வைத்து எழுதப் போனேன். ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் பக்கத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. மூன்றை எடுத்துச் சமையலறையில் அரிசி டப்பா பக்கம் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். ஒன்றுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 129 டாலர் வேலை அது. மனைவி எழுந்து வந்து, "அரிசிக்குப் பக்கத்துல என்னங்க இது?" என்றாள். சொன்னேன். "காலையில பார்த்தா இருக்கக் கூடாது" என்று போய்விட்டாள்.

எந்த எண் எந்தச் சக்கரத்துக்கு என்று டேப் ஒட்டிக் குறித்து வைத்தேன். எங்கள் சியன்னாவுக்கு அது தேவையே இல்லை, அதில் ஒரே விளக்குதான். சக்கரம் சக்கரமாகக் காற்றளவு காட்டும் கார் என்றால் குறித்தே ஆக வேண்டும்.

டயரும் தேய்ந்திருந்ததால் ஏப்ரல்வரை பொறுத்தேன். காத்திருக்கும் மாதங்களில் காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றைக் கதவில் போட்டு வைத்திருந்தேன், பத்து டாலருக்குள் கிடைக்கும். க்ளீவ்லாந்து அவென்யூ பக்கம் ஒரு சோமாலிக்காரர் நடத்தும் சின்ன டயர் கடை. புது டயர் மாட்டும் விலையிலேயே கழற்றுவதும் பேலன்ஸும் அடக்கம், நான் கொண்டுபோன சென்சாரை மாட்ட ஒன்றுக்கு 5 டாலர் மட்டும் மேலே. சென்சார் 112, கருவியில் என் பங்கு 70, மாட்டுகூலி 20, ஆக 202. இந்தக் கணக்கில் இது ஒரு சின்னத் தில்லுமுல்லு என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீலர் போட்ட 140 டாலர் கூலி என் டயர் பில்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் எப்படியும் டயருக்குக் கொடுத்திருப்பேன்.

அந்த மனிதர் வேலை செய்த விதம் பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் தகடு வால்வு பக்கம் வராதபடி ஒவ்வொரு சக்கரத்தையும் முதலில் திருப்பி வைத்தார். அந்தத் தகடு பட்டால் சென்சார் உடைந்துவிடும். பழைய வால்வுகள் அலுமினியம். ஒஹாயோவில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு அதை அரித்து வெள்ளை மாவாக ஆக்கியிருந்தது. பின் இடது சக்கரத்தில் மூடியைத் திருகியதும் மூடியோடு சேர்ந்து வால்வின் தலையும் கையில் வந்தது. எனக்குக் காட்டி, "இது ஹைவேயில் நடந்திருந்தால்?" என்றார். எப்போதோ ஒரு கடையில் போட்டுவிட்ட பளபளப்பான உலோக மூடி அது. பிளாஸ்டிக் மூடியே போதும் என்றார். மாட்டி முடித்ததும் தன் கருவியால் நாலையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார், நாலும் பதில் சொல்லின. வெளியே வந்து கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது.

கருவியில் பங்கு போட்ட இன்னொரு நண்பருடைய டொயோட்டா ஃபோர்ரன்னரில் நாலும் மாற்றியும் விளக்கு அணையவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஐந்தாவது சென்சார் ஸ்டெப்னியில் இருந்தது.

உங்கள் கார் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ஹோண்டா, மாஸ்டா பலவற்றில் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது, பிரேக்கின் ஏபிஎஸ் அமைப்பு அளக்கும் சக்கரச் சுழற்சியை வைத்தே கணக்குப் போடும். அதற்குப் போய் யாராவது சென்சார் விற்றால் ஓடி வந்துவிடுங்கள். செவ்ரோலே போன்ற ஜிஎம் வண்டிகளுக்கு இவ்வளவு பாடும் வேண்டாம். கைக்கடக்கமான விலை மலிந்த ஒரு கருவி போதும். புதுச் சென்சார் எண்களைக் கற்றுக்கொள்ளும் நிலைக்குக் காரைக் கொண்டுபோய், முன் இடது சக்கரத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி ஒவ்வொரு வால்வு பக்கமும் பிடித்தால், ஒவ்வொன்றுக்கும் ஹாரன் ஒரு தடவை கத்தும். ராத்திரி பத்து மணிக்குச் செய்யாதீர்கள்.

நவம்பரில் முதல் கடுங்குளிர் காலை. விளக்கு எரிந்தது. வயிறு கலங்கியது. ஆனால் சிமிட்டவில்லை, எடுத்ததுமே நிலையாக எரிந்தது. இறங்கிக் கேஜ் வைத்துப் பார்த்தால் பின் வலதில் 24 பிஎஸ்ஐ, ஓரத்தில் ஓர் ஆணி. பஞ்சர் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவனைப் பார்த்ததே இல்லை என்றாள் மனைவி.