ஜப்பானிய மொழிக்கு ஆன்கி செயலி: மன்னார்குடியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

ஜப்பானிய மொழியை வீட்டிலிருந்தே படிக்கிறேன். வகுப்பு, ஆசிரியர் எதுவும் கிடையாது. கூடவே ஓடிவருவது ஆன்கி, சொற்களை அட்டைகளாகக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் செயலி. சில சம்பா அறுவடை பார்த்தாயிற்று, இன்னும் போனிலிருந்து நீக்கவில்லை.

ஆரம்பம் சுகமாகத்தான் போகும். ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டு வரும். நமக்கு அதில் பெரிய சிரமம் இல்லை. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்து தலா 46தான், ஒப்பேற்றிவிடலாம். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் வந்ததும்தான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன.

ஆன்கியில் ஒவ்வொரு சொல்லும் ஓர் அட்டை. நினைவிருந்தால் அடுத்த முறை சில நாள் கழித்து, அப்புறம் சில மாதம் கழித்து வரும். மறந்தால் சீக்கிரமே திரும்ப வந்து நிற்கும். நாளுக்கு 20 புதிய அட்டை என்றுதான் செயலி ஆரம்பித்துக் கொடுக்கிறது. கேட்க லேசாக இருக்கும். ஆனால் பழைய அட்டைகளும் சேர்ந்துகொள்வதால், கல்யாணம், அறுவடை என்று நாலு நாள் விட்டால் தூர் வாராத வாய்க்கால் மாதிரி மேடுதட்டிவிடும். பலர் கைவிடுவது அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான், மொழி கஷ்டம் என்று இல்லை. நான் புதியதை ஐந்தாகக் குறைத்தேன். நடவு, அறுப்பு நாட்களில் பூஜ்யம், பழையது மட்டும். வேகம் போகும், போகட்டும்.

எட்டுத் தடவை மறந்த அட்டையைச் செயலியே ஒதுக்கி வைக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒரே எழுத்தோடு மல்லுக்கட்டி மனசு வெறுக்க வேண்டியதில்லை. ஒருநாள் விட்டதற்கு அழுதுகாட்டும் பொம்மையும் இதில் இல்லை. கும்பகோணம் பஸ்ஸில் சிக்னல் போனாலும் ஓடும்.

குறை என்றால், வாய் திறக்க வைக்காது. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது. அதன் தொடக்க நிலையான என்5இல் 180க்கு 80 எடுத்தால், பகுதிவாரிக் குறைந்தபட்சமும் இருந்தால் பாஸ்; அப்படிப் பாஸானவர் டீக்கடையில் ஒரு டீ கேட்கத் திணறலாம். ஜப்பானில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசித்தான் இதைச் சரிக்கட்டுகிறேன். “அண்ணே, புத்தகம் மாதிரி பேசுறீங்க” என்பான். சரி, பேசுகிறேன் இல்லையா!

ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. ஐபோன்காரர்கள் முதலில் கணினியில் இலவசமாகப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.