'பை'யா, 'வித்தின்'ஆ, 'அன்டில்'ஆ: டெட்லைன் எழுதறப்ப எதை நம்பலாம்?

வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு ரிப்போர்ட் எப்ப வரும்னு வெளிநாட்டு கிளையன்ட் கேட்டதுக்கு "ஐ வில் சென்ட் இட் வித்தின் ஃப்ரைடே"னு பதில் போட்டேன், வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடறேன்னு தான் மனசுல, அந்த மனுஷன் திருப்பி கேட்டாரு பாருங்க, வெள்ளிக்கிழமை அன்னிக்கு தான் ஏதோ ஒரு நேரத்துல வருமா இல்ல அதுக்கு முன்னாடியே கூட வரலாமான்னு. இதுல என்னய்யா குழப்பம்னு கடுப்பா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சு பாத்தா தப்பு என் மேல தான், சரியா சொன்னா நம்ம "-க்குள்ள" மேல.

வெள்ளிக்கிழமைக்குள்ள தர்றேன்னும் சொல்றோம், மூணு நாளைக்குள்ள தர்றேன்னும் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே ஒட்டு, தமிழ்ல யாருக்கும் எந்த சந்தேகமும் வராது. இங்கிலீஷ்ல இது ரெண்டும் வேற வேற வீடு. வெள்ளிக்கிழமை, 5 மணி, 31-ம் தேதின்னு காலண்டர்லயோ கடிகாரத்துலயோ விரல் வெச்சு காட்ட முடிஞ்சா அது 'பை'. மூணு நாள், 48 மணி நேரம், ஒரு மாசம்னு அளவா இருந்தா அது 'வித்தின்'. 'உள்ளே'ங்கற அர்த்தம் மண்டைல ஓடறதால கை தானா 'வித்தின்'னு அடிச்சிடுது, அவ்ளோ தான் விஷயம். "வித்தின் 5 ஓ க்ளாக்"னு ஒரு மெயில் உங்க இன்பாக்ஸ்லயும் கண்டிப்பா இருக்கும், தேடி பாருங்க.

ஆனா 'பை' வெர்சஸ் 'அன்டில்' மேட்ச்ல நம்ம ஆளுங்க ஈஸியா ஜெயிச்சிடுவோம். என் கூட வேலை பாத்த ஒரு இந்திக்கார நண்பர் "ப்ளீஸ் சப்மிட் அன்டில் ஃப்ரைடே"னு எழுதுவாரு, எனக்கு சிரிப்பா இருக்கும், ஆனா அவர் பக்கமும் நியாயம் இருக்கு, இந்தில "பாஞ்ச் பஜே தக்"னா அஞ்சு மணி வரைக்கும்னும் அர்த்தம், அஞ்சு மணிக்குள்ளன்னும் அர்த்தம். ஜெர்மன்காரங்களுக்கும் 'பிஸ்'னு ஒரே வார்த்தை தான் ரெண்டுக்கும், அதனால அவங்களும் இதே இடத்துல தான் வழுக்குவாங்க. நமக்கு "வரைக்கும்" தனியா இருக்கு, "-க்குள்ள" தனியா இருக்கு. கடை 9 மணி வரைக்கும் தொறந்திருக்கும், அது 'அன்டில்'. கடைய 9 மணிக்குள்ள மூடணும், அது 'பை'. ஒரு நிலைமை நீண்டுகிட்டே போய் ஒரு இடத்துல நின்னா 'அன்டில்', ஒரு வேலை ஒரே தடவை நடந்து முடியணும்னா 'பை'. மெயில் அடிக்கறதுக்கு முன்னாடி வாக்கியத்த தமிழ்ல ஒரு தரம் சொல்லி பாத்தா போதும், பாதி பிரச்சனை முடிஞ்சுது. (தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ் எழுதாதேன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே, இந்த ஒரு விஷயத்துல தமிழ்ல யோசிக்கறது தான் சேஃப்.)

அதுக்காக 'அன்டில்' ரொம்ப நல்லவன்னு நெனச்சுடாதீங்க. "ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே"னு ஒருத்தர் போட்டிருந்தா வெள்ளிக்கிழமை அவர் ஆபீஸ் வருவாரா மாட்டாரா? வெள்ளியும் லீவு, திங்கள் தான் வருவாருன்னு ஒரு கூட்டம், வியாழன் வரைக்கும் தான் லீவுன்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேரும் தப்பில்ல. நம்ம "வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு"ன்னா வெள்ளியும் சேர்த்து தான்னு பெரும்பாலும் எடுத்துக்கறோம், இங்கிலீஷ்ல அந்த கேரண்டி கிடையாது. அமெரிக்காக்காரங்க இதுக்கு 'த்ரூ'ன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, "மன்டே த்ரூ ஃப்ரைடே"ன்னா வெள்ளி உள்ள தான், பஞ்சாயத்தே இல்ல. ஆனா பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல அந்த பழக்கம் கம்மி. நான் எது வரைக்கும் லீவுன்னு எழுதறதையே விட்டுட்டேன், "பேக் ஆன் மன்டே"னு திரும்பி வர்ற நாளை மட்டும் போட்டுடறேன். 'டில்' போடலாமா 'அன்டில்' தான் போடணுமான்னு கேக்கறவங்களுக்கு: ரெண்டும் ஒண்ணு தான், 'டில்'ங்கறது 'அன்டில்'ஓட சுருக்கம் இல்ல, அது தான் ரெண்டுல பழசு, தாராளமா போடுங்க.

'பை'க்கும் 'பிஃபோர்'க்கும் ஒரு நாள் தான் வித்தியாசம், ஆனா அந்த ஒரு நாள்ல தான் ஃபைன் விழும். "பை 31 ஜூலை"ன்னா 31-ம் தேதி கட்டலாம். "பிஃபோர் 31 ஜூலை"ன்னா 30-ம் தேதியோட கதை முடிஞ்சுது. அதனால தான் அரசாங்க பேப்பர்ல எல்லாம் "ஆன் ஆர் பிஃபோர்"னு நீட்டி முழக்குவாங்க, 1961-ம் வருஷ வருமான வரி சட்டத்துலயும் ரிட்டர்ன் தாக்கல் பத்தி பேசறப்ப இதே சொல்லாட்சி தான் இருந்துச்சு. பாக்க அழகா இருக்காது, ஆனா "அந்த நாள் சேர்த்தியா சார்"னு எவனும் கேக்க முடியாது.

இப்ப 'வித்தின்'க்கு வருவோம். தப்பான இடத்துல போட்டா தான் அசிங்கம், சரியான இடத்துல இது நல்ல வார்த்தை. ஒரு குறை, எங்கேர்ந்து எண்ண ஆரம்பிக்கணும்னு சொல்லலேன்னா "வித்தின் 30 டேஸ்"க்கு மதிப்பே கிடையாது. 2005-ம் வருஷ தகவல் அறியும் உரிமை சட்டத்த எடுத்துக்கங்க, சும்மா 30 நாள்னு விடல, மனு கெடச்சதுலேர்ந்து 30 நாளுக்குள்ளன்னு எழுதியிருக்காங்க, ஒருத்தரோட உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்துக்குள்ள. அப்படியும் அந்த முதல் நாளை எண்ணணுமா வேண்டாமான்னு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். 1897-ம் வருஷ ஜெனரல் க்ளாசஸ் ஆக்ட் 9-ம் பிரிவு இதுக்காகவே இருக்கு: மத்திய சட்டத்துல 'ஃப்ரம்'னு போட்டா முதல் நாள் கணக்குல வராது, 'டு'ன்னு போட்டா கடைசி நாள் வரும். அப்போ 'ஃப்ரம்'னு போடாம 'ஆஃப்'னு போட்டிருந்தா? சிரிக்காதீங்க, செக் பவுன்ஸ் கேஸ் போடற ஒரு மாச கெடு விஷயத்துல இந்த சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 'ஆஃப்' போட்டாலும் முதல் நாளை கழிச்சுட்டு தான் எண்ணணும்னு மூணு நீதிபதிங்க உக்காந்து 2013-ல தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. ரெண்டெழுத்து வார்த்தைக்கு!

இந்த கூட்டத்துலயே நான் நம்பாத ஆளுன்னா அது 'இன்' தான். "ஐ வில் கால் யூ இன் டூ டேஸ்"னு எழுதறவன் மனசுல "ரெண்டு நாள்ல கூப்பிடறேன்"னு இருக்கும், அதாவது நாளைக்கே கூட கூப்பிடலாம். இங்கிலீஷ் தாய்மொழிக்காரன் காதுல அது ரெண்டு நாள் கழிச்சு கூப்பிடறேன்னு விழும், அவன் நாளைக்கு போனையே எதிர்பாக்க மாட்டான். ஆனா அதே 'இன்' "ஹி ஃபினிஷ்ட் இட் இன் டூ டேஸ்"னு வந்தா எடுத்துக்கிட்ட மொத்த நேரம், அங்க சிக்கல் இல்ல. வாக்கு குடுக்கறப்ப மட்டும் இத தொடாதீங்க. இதோட சொந்தக்காரன் தான் "பிஃபோர் டூ டேஸ்", ரெண்டு நாளைக்கு முன்னாடிங்கறதோட அச்சு அசல், அது "டூ டேஸ் அகோ"ன்னு தான் வரணும், இத பத்தி எல்லாரும் எழுதியாச்சு, விடுங்க.

'பை'க்கே ஓட்டு போடறேன், ஆனா அது மட்டும் போதாது. "பை இ.ஓ.டி."ன்னா, அதாவது 'எண்ட் ஆஃப் டே'ன்னா, யாரோட நாள் முடியறது? நியூயார்க்ல சாயங்காலம் 5 மணின்னா நமக்கு அடுத்த நாள் விடிகாலை 2.30, குளிர்காலத்துல 3.30. நான் நம்ம ஊர் 6 மணின்னு நெனச்சு பதறி முடிச்சு அனுப்பின வேலைய அவங்க மறுநாள் தான் தொறந்தே பாத்திருக்காங்க, இது ஒரு தடவை இல்ல. "மிட்நைட் ஃப்ரைடே" இன்னும் மோசம், வியாழன் ராத்திரி முடியற 12-ஆ, வெள்ளி ராத்திரி முடியற 12-ஆ? கம்ப்யூட்டர் சயின்ஸ் கான்ஃபரன்ஸ் நடத்தறவங்க இந்த தலைவலிக்கு "எனிவேர் ஆன் எர்த்"னு ஒரு வழி வெச்சிருக்காங்க, பூமில எங்கயாவது ஒரு மூலைல அந்த தேதி பாக்கி இருக்கற வரைக்கும் பேப்பர் அனுப்பலாம், கணக்கு போட்டா அவங்க வெள்ளி ராத்திரி 11.59 நமக்கு சனிக்கிழமை சாயங்காலம் 5.29.

இப்பல்லாம் நான் எழுதறது இப்படி தான்: "பை 6 பி.எம். ஐ.எஸ்.டி., ஃப்ரைடே 14 மார்ச்" (ஐ.எஸ்.டி.ன்னா இந்திய நேரம்). கிழமையும் தேதியும் ரெண்டும் போடறேன், ஒண்ணு தப்பா அடிச்சாலும் இன்னொண்ணு மாட்டிவிடும். போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி "வில் ஷேர் வித்தின் மன்டே இ.ஓ.டி."ன்னு கிளையன்டுக்கு மெயில் டிராஃப்ட் பண்ணி எனக்கு காட்டுனான். தம்பி, மன்டேக்கு உள்ளயா, மன்டேக்கு முன்னாடியா, யாரோட இ.ஓ.டி.ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு, "அண்ணா, பேசாம இப்பவே முடிச்சு அனுப்பிடட்டுமா"ன்னான்.