அந்தமான் பேக்கேஜ் எடுக்கிறீர்களா? என் 62,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஊர் திரும்பியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கொரோனாவில் ஒகேனக்கல் பரிசல்கூட ஓடாமல் கிடந்த காலம் போய், அப்போதுதான் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. பிள்ளைகளுக்குக் கடலும் காடும் காட்டலாம் என்று அந்தமான் முடிவானது. பெங்களூரிலிருந்து விமான டிக்கெட்டை நானே போட்டேன். ஹோட்டல், கப்பல், கார் எல்லாம் சேர்த்து நம் ஊர் டிராவல்ஸ் ஒன்றில் 62,000 ரூபாய்.

அந்த டிராவல்ஸ்காரன் என்னமாகப் பேசினான் தெரியுமா! டீ வரவழைத்தான், மேப்பை விரித்தான். "ராதாநகர் பீச் மேற்கு பார்த்தது அண்ணா, சாயங்காலம் போங்க. எலிஃபண்ட் பீச்ல பவளப்பாறை இருக்கு, பசங்க விடவே மாட்டாங்க." எங்கள் தோப்பில் மாம்பூ எப்படி என்று விசாரித்தான். "அண்ணிக்குக் கப்பல் ஒத்துக்குமா? எதுக்கும் மாத்திரை வச்சுக்கங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் என் மனைவி அவனைத் தம்பியாகவே ஆக்கிவிட்டாள். முழுசாகக் கட்டினால் சீசன் ரேட் ஏறாது என்றதும் அங்கேயே உட்கார்ந்து 62,000-ஐயும் யுபிஐயில் அனுப்பினேன். கணக்கு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. "வீட்டுக்காரம்மா கணக்குதான்ணா" என்றான்.

போர்ட் பிளேர் ஜெட்டியில் ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்கு நின்றோம். (சுவராஜ் த்வீப் என்று 2018-லேயே பெயர் மாற்றியாகிவிட்டது, வாயில் வருவது ஹேவ்லாக்தான்.) கவுன்டரில் இருந்த பையன் தமிழன். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். நாலு பேர் பெயரும் சரி, சீட் நம்பரும் சரி, பக்கத்தில் சிவப்பில் 'ரத்து'. டிக்கெட் போட்டு, பிடிஎஃப்பை எங்களுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஹோட்டலில் கேட்டால் அட்வான்ஸே வரவில்லையாம். பாராடங் சுண்ணாம்புக் குகைக்கு அவன் போட்டுக் கொடுத்த நாள் திங்கட்கிழமை. அன்றைக்குக் குகைக்கே லீவு என்று ஆட்டோக்காரர் சிரிக்கிறார்.

டிராவல்ஸ்காரனுக்குப் போன் போட்டேன். "டிரைவிங்ல இருக்கேன்ணா." மறுபடி போட்டேன். "கொரோனா ரூல் மாறிடுச்சு, கவர்மென்ட்டே ரத்து பண்ணியிருக்கும்." அவன் இதைச் சொல்லும்போது என் கண்ணெதிரே அதே கப்பல் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது! அப்புறம், "அந்தமான்ல சிக்னல் இல்ல, நீங்க பேசறது கேக்கல." சென்னையிலிருந்து கடலடி இன்டர்நெட் கேபிள் 2020 ஆகஸ்டிலேயே வந்தாகிவிட்டது. அவன் தொண்டையைச் செருமியதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஊருக்கு வந்து கடைக்குப் போனால் ஆள் இல்லை. "சார் சேலம் போயிருக்காரு. பேக்கேஜ் பணம் திரும்ப வராதுன்னு பில்லுக்குப் பின்னாடியே போட்டிருக்கே" என்கிறது அங்கிருந்த பெண். பில்லே கொடுக்கவில்லையே அம்மா! போனது 62,000. அங்கே புதிதாக டிக்கெட்டும் ரூமும் எடுத்தது தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கடைப் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பில் வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் கப்பல் கம்பெனிக்கும் ஹோட்டலுக்கும் நீங்களே போன் செய்து, டிக்கெட் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறேன். என்னை பிளாக் செய்துவிட்டான். மைத்துனர் போனில் அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன்: "மே மாத அந்தமான் டூர், நாலே சீட் பாக்கி."