பழைய கணினிக்கு யு.எஸ்.பி. கார்டு: தனி மின் ஒயர் உள்ளதா, இல்லாததா?

2012-இல் இன்டெல் தன் சிப்செட்டிலேயே (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகளிலேயே) வேகமான யு.எஸ்.பி. 3.0 வசதியைச் சேர்ப்பதற்கு முன் வந்த பெரும்பாலான மேசைக்கணினிகளுக்கு அவ்வசதி வேண்டுமானால், மதர்போர்டின் ஸ்லாட்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றைச் செருகுவதே வழி. ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பது ஒரு வகை. பவர் சப்ளையிலிருந்து, டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா அல்லது மோலெக்ஸ் ஒயரைத் தனியே கேட்பது மற்றொரு வகை.

முதல் வகையைப் பொருத்துவது எளிது. ஆனால் பழுது வந்தால் ஆளைக் குழப்புவதும் அதுதான். யு.எஸ்.பி.க்கு வேண்டிய 5 வோல்ட் ஸ்லாட்டில் கிடையாது என்பதால், 12 வோல்ட்டைக் கார்டே குறைத்துத் தர வேண்டும். மிகச் சிறிய ஸ்லாட்டுக்கான எக்ஸ்1 கார்டுக்குப் பொதுவாக 10 வாட் என்பது கணக்கு. நான்கு போர்ட்டும் தலா 900 மில்லி ஆம்பியர் கேட்டாலோ 18 வாட் ஆகிவிடும். ஆகவே, மவுஸும் பென்டிரைவும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்க, வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியவுடன் மட்டும் அது டிக் டிக்கென்று ஒலித்துத் திரையில் தோன்றித் தோன்றி மறைகிறதென்றால், குறை மின்சாரத்தில்தான்; டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

இரண்டாம் வகையில் இத்தொல்லை அரிது. அதன் கோளாறு பெரும்பாலும் மறதியில் தொடங்குகிறது. ஒயரைச் செருகாமல் மூடிவிட்டால், விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கார்டு மஞ்சள் குறி ஏதுமின்றித் தெரியும். போர்ட்டுகளோ உயிரற்றுக் கிடக்கும். இப்படி ஒரு மாலைப் பொழுதை நானும் வீணாக்கியிருக்கிறேன்.

விண்டோஸ் 7-இல் இரண்டுக்குமே டிரைவர் தனியே நிறுவ வேண்டும். பவர் சப்ளையில் ஒரு முனை காலியாக இருந்தால், நான் இரண்டாவதையே வாங்குவேன்.