மொட்டை மாடிச் சூட்டுக்கு எது சரி: சுண்ணாம்பு ஜல்லியா, வெள்ளைப் பூச்சா, எக்ஸ்பிஎஸ் பலகையா?

புது வீடு கட்டுகிறவர்கள் சுவருக்குச் செங்கல்லா, ஏஏசி பிளாக்கா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். மாடித் தளத்தின் மேல் என்ன போடுவது என்பதை மட்டும் கடைசி வாரத்தில் மேஸ்திரியின் கையில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இது தலைகீழாக நடக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் கன்னியாகுமரி முதல் சென்னை வரை சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்த நாட்களில் தெற்குச் சுவரில் வெயில் விழுவதே அரிது. காலை முதல் மாலை வரை முழு வெயிலையும் வாங்குவது மாடிதான்.

எங்கள் தேர்வு 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (பாலிஸ்டைரீன் நுரையை அடர்த்தியாக அழுத்திச் செய்யும் வெப்பத்தடுப்புப் பலகை), அதன் மேல் வெள்ளை ஓடு. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மற்ற இரண்டும் எங்கே பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 5 அங்குல கான்கிரீட் தளம், மேற்பரப்பு 60 டிகிரி, கீழே அறை 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒன்றுமே போடாத 1000 சதுர அடித் தளம் வழியாக ஏறக்குறைய 9.8 கிலோவாட் வெப்பம் உள்ளே இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட். 4 அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போட்டால் இது 6.3 ஆகக் குறையும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு மேற்பரப்பை 40 டிகிரியில் நிறுத்தினால் 2.8. அதே பூச்சு அழுக்கேறி மேற்பரப்பு 50 டிகிரிக்குப் போனால் மறுபடியும் 6.3. எக்ஸ்பிஎஸ் 50 மில்லிமீட்டர் போட்டால், மேலே அழுக்கு ஓடாகவே இருந்தாலும், 1.4. வெயில் நாள் முழுக்க ஒரே அளவில் அடிப்பதில்லை. தளத்தின் கனமும் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். அதனால் இவை அப்படியே மீட்டரில் தெரியும் எண்கள் அல்ல. ஆனால் எது எதை மிஞ்சும் என்ற வரிசை மாறாது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட இக்கோ நிவாஸ் சம்ஹிதா விதிமுறை, கூரையின் வெப்பக் கடத்தல் எண், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் தளத்துக்கு இது 3.3. ஜல்லி போட்டால் 2.2 அளவில் வரும். எக்ஸ்பிஎஸ் 25 மில்லிமீட்டரிலேயே 1க்குக் கீழே இறங்கிவிடும். 50 மில்லிமீட்டரில் 0.5 அளவுக்கு வரும்.

சுண்ணாம்பு ஜல்லியைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. கலவையைப் பரப்பி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை துள்ளித் திரும்பும்போதுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அப்படிப் போட்ட தளம் தலைமுறை தாண்டி நிற்கும், தண்ணீரையும் தடுக்கும். இன்று அந்த அடி இல்லை. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கலந்து ஒரே நாளில் பரப்பிவிடுகிறார்கள். சிமென்ட் சுருங்கும்போது வெடிப்பு விழுகிறது, ஓட்டின் இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் ஜல்லிக்குள் போய்த் தங்குகிறது. ஈர ஜல்லி காய்ந்த ஜல்லியைவிட வெப்பத்தை வேகமாகக் கடத்தும். அதோடு இரண்டு குறைகள். ஒன்று எடை: 4 அங்குல ஜல்லி சதுர மீட்டருக்கு 160 முதல் 190 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி எடுக்கும் நடமாட்டச் சுமையே சுமார் 150 கிலோதான். இன்னொன்று நேரம்: பகலில் வாங்கிய சூட்டை அது இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கீழே இறக்கும். பகலில் மட்டும் புழங்கும் கூடத்துக்கு அது பரவாயில்லை. படுக்கையறைக்கு மேலே அதுவே தொல்லை.

வெள்ளைப் பூச்சு மூன்றிலும் மலிவானது. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கும், இரண்டு வருடத்தில் மேலே இன்னொரு மாடி எழுப்பப்போகும் வீட்டுக்கும் அதுதான் சரி. அங்கே பலகை போட்டு உடைப்பது வீண். ஆனால் புது வீட்டுக்கு, பத்து வருடக் கணக்கில் பார்க்கும்போது, முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பி வேலை செய்கிறது. அது வெள்ளையாக இருக்கும் வரைதான் அந்த வேலை நடக்கும். நம் பருவத்தை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாட்டம் சரியில்லாத இடங்களில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். ஜனவரியில் அது காய்ந்து கறுப்புத் திட்டாகும். பிறகு மே வரை பெரிய மழை இல்லை; புழுதி மட்டும் படியும். ஆக, பூச்சு மிகவும் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அது மிகவும் அழுக்காக இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, தேய்த்துக் கழுவினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வரும். முதல் வருடம் கழுவுவார்கள். மூன்றாவது வருடம், அதுவும் தண்ணீர்த் தட்டுப்பாட்டு மாதத்தில், எத்தனை வீட்டில் மாடியைக் கழுவுவார்கள்? வாளியில் வரும் அளவீட்டுத் தாளில் இருப்பது புதுப் பூச்சின் எதிரொளிப்பு எண். மூன்று வருடம் வெயிலில் கிடந்த பின் வரும் எண்ணைக் கடையில் கேளுங்கள். அதைத் தர முடியாத பூச்சை வாங்காதீர்கள்.

பூச்சு உரிவதற்கும் காரணங்கள் உண்டு. புதுக் கான்கிரீட் முழுதாகக் காயும் முன் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் கொப்புளமாகத் தள்ளும். மேலே படிந்த சிமென்ட் பாலைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்காவிட்டால் பூச்சு பாலோடு சேர்ந்து படலமாக வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் பூச்சு ஊறி மென்மையாகிவிடும். வடகம், மிளகாய் காயப்போட நடந்து பழகிய தடத்தில் முதலில் தேயும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபூச்சு என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பிஎஸ் யாருடைய ஞாபகத்தையும் நம்பி இல்லை. நாங்கள் அதன் பக்கம் சாய்ந்தது இதற்காகத்தான். மேலே ஓடு கறுத்தாலும், பாசி பிடித்தாலும், பலகை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்னொரு லாபம், கான்கிரீட் தளம் வெயிலிலிருந்து மறைந்துவிடுகிறது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறி ஆறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தளத்துக்கும் மேல் வரிச் செங்கல்லுக்கும் நடுவே ஓடும் அந்தப் பழகிய வெடிப்பு பெரும்பாலும் இதனால் வருவதுதான். அதே பலகையை அறைக்குள் ஃபால்ஸ் சீலிங்கில் வைத்தால் அறைக்குச் சூடு குறையும், தளத்தின் ஆட்டம் நிற்காது. தீப்பிடிக்கும் பொருள் என்பதாலும், பலகை தளத்துக்கு மேலே, கான்கிரீட்டால் மூடி இருப்பதே நல்லது.

போடும் வரிசை முக்கியம். தளத்தின் மேல் முதலில் வாட்டக் காரை, 10 அடிக்குக் குறைந்தது 1¼ அங்குலம். அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்ற வேண்டும். மூலையைச் செங்கோணமாக விடாமல் காரையால் உருட்டிவிடுங்கள். பிறகு 72 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் ஒழுகும் இடத்தைத் தேட மேலே போட்டது எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும். இந்த முறையின் பெரிய பலவீனம் அதுதான்.

அடுத்து பலகை. கன மீட்டருக்கு 32 முதல் 36 கிலோ அடர்த்தி, விளிம்பு படியாக வெட்டியது, ஒரே அடுக்காக 50 மில்லிமீட்டர். 25ஆக இரண்டு அடுக்கு போடச் சொன்னால் ஒப்பாதீர்கள், நடுவே தண்ணீர்ப் படலம் தங்கும். செங்கல் வரிசை போல இணைப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள். வெள்ளைத் தெர்மோகோலை எக்ஸ்பிஎஸ் என்று தள்ளிவிடுவதும் உண்டு. உடைத்துப் பாருங்கள், மணி மணியாக உதிர்ந்தால் அது தெர்மோகோல். அது தண்ணீர் குடிக்கும், சுமையில் அமுங்கும். கரைப்பான் கலந்த பிரைமரோ, தார்ப் பூச்சோ காயாமல் இருக்கும்போது பலகையை வைத்தால் அது அரித்துக் கரைந்துவிடும். கறுப்புப் பாலித்தீனால் மூடி வெயிலில் விட்டால் வளைந்துபோகும். ஆடிக் காற்றில் பறக்கும், மழையில் மிதக்கும். அன்றன்றைக்குக் கான்கிரீட் போட முடிந்த அளவுக்கு மட்டும் விரிப்பதே வழி.

பலகை மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன் மேல் கம்பி வலை வைத்து 50 மில்லிமீட்டர் எம்20 கான்கிரீட். 6 அடிக்கு 6 அடி கட்டமாகப் பிரித்து இணைப்பு விடுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி விட்டு சீலண்டால் நிரப்ப வேண்டும். இதை மேஸ்திரிகள் தேவையில்லை என்பார்கள். விடாவிட்டால், அடியில் பலகை இருப்பதால் அதிகம் சூடாகும் மேல் கான்கிரீட் விரிந்து கைப்பிடிச் சுவரை வெளியே தள்ளும். கடைசியாக வெள்ளை ஓடு, ஓட்டுக்கு ஓடு 3 மில்லிமீட்டர் இடைவெளி.

எடை இங்கும் இல்லாமல் இல்லை. மேல் கான்கிரீட்டே சதுர மீட்டருக்கு 120 கிலோ. ஜல்லியைவிடக் குறைவு, ஆனால் வடிவமைப்புப் பொறியாளருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்றிலும் ஆரம்பச் செலவு இதற்குத்தான் அதிகம். எக்ஸ்பிஎஸ் போட்டு இருபது, முப்பது வருடம் ஆன வீட்டு மாடிகளை நம் ஊரில் பார்ப்பது அரிது. அதனால் சுண்ணாம்பு ஜல்லியின் ஆயுளோடு இதை ஒப்பிட்டு அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, பலகை சூட்டைத் தடுக்கும், குளிர்விக்காது. ஜன்னலைச் சாத்தி வைத்த அறையில் சமையல், ஆட்கள், மின்விசிறி மோட்டார் கொடுக்கும் சூடு மேல்வழியாக வெளியேறுவதையும் அது தடுக்கும். இரவில் எதிரெதிர் ஜன்னல் திறக்க வழி இருக்க வேண்டும். ஏசி போடும் அறையென்றால் இந்தக் கவலை இல்லை. அங்கேதான் இதன் பலன் முழுதாகத் தெரியும்.

சோலார் போடும் எண்ணம் இருந்தால், இப்போது இல்லாவிட்டாலும், தாங்கு கட்டைகளை நீர்த்தடுப்புக்கு முன்பே தளத்தோடு சேர்த்து வார்த்து, பூச்சை அவற்றின் மேலும் ஏற்றிவிடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று இடம் ஒதுக்கினால் போதும். பிறகு வரும் சோலார்க்காரர் ஓட்டின் மேல் துளை போட்டால், துளைக்கருவி 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டையும் பலகையையும் கடந்து நேராக நீர்த்தடுப்பில்தான் போய் நிற்கும்.